கோடித்துண்டை நனைத்த பிறகு: கையில் இருக்கும் பொருளோடு வேதம் படிக்க ஒரு வழி

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் தையல் கடை வைத்து 26 வருடம் ஆகிறது. கடை வாசலில் நின்றால் இந்தப் பக்கம் மார்த்தாண்டம் பஸ், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை பஸ். பாதிப் பேர் தமிழில் அளவு சொல்வார்கள், பாதிப் பேர் மலையாளத்தில். ஓணத்துக்கும் கிறிஸ்மசுக்கும் முந்தின இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே கிடையாது.

அப்படி ஒரு ஓண நேரத்தில் ஒருத்தி, அவள் அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்தாள். சேலையின் கீழ்க்கரையில் உள்பக்கம் வைத்துத் தைக்கிற துணிதான் ஃபால்ஸ். பழைய ஃபால்ஸைப் பிரித்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். புது ஃபால்ஸை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டபிறகுதான் சேலையில் வைத்துத் தைக்க வேண்டும். தையல் படிக்கிற பிள்ளைக்கு நான் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது. அன்றைக்கு அவசரம். கடையில் வாங்கியபடியே தைத்துக் கொடுத்துவிட்டேன். அவள் ஒருமுறை அலசினாள். புதுத் துணி சுருங்கி, கரை முழுவதும் கொசுவம் வைத்தது போல் ஆகிவிட்டது. இழுத்துச் சரிசெய்யப் பார்த்திருக்கிறாள். பழைய பட்டு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் வாலிபர் கூட்டத்தில் நான் எடுக்க வேண்டிய பகுதி மத்தேயு 9ஆம் அதிகாரம். "ஒருவனும் கோடித்துண்டைப் பழைய வஸ்திரத்தோடு இணைக்கமாட்டான்." கோடி என்றால் இன்னும் தண்ணீர் படாத புதுத் துணி. இதை எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! பழைய வாழ்க்கை, புதிய வாழ்க்கை, ஆமென். நானே தையல்காரி, எனக்கே அது துணியைப் பற்றிய பேச்சு என்று அதுவரை உறைக்கவில்லை. இந்தக் குறிப்பை எழுதுவதற்கு அந்தக் கிழிந்த பட்டுதான் காரணம். சண்டே ஸ்கூல் நடத்துகிறவர்கள், வீட்டில் குடும்ப ஜெபம் எடுக்கிறவர்கள், அன்பியக் கூட்டத்துக்கு (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம்) பொறுப்பாக இருக்கிற கத்தோலிக்கச் சகோதரிகள், யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

தொடங்குவது எப்படி

ஆள் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேர் வந்தால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் ஃபோன் பார்ப்பார்கள். இடம் கோயிலாக இல்லாவிட்டால் நல்லது. எங்கள் கூட்டம் என் கடையில், சனிக்கிழமை மெஷினை மூடி வைத்த பிறகு, வெட்டுகிற மேஜையைச் சுற்றி நடக்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு ஆள் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அந்த வாரம் கையில் பட்ட பொருளாக இருக்க வேண்டும். வேதத்தில் வருகிற பொருளாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எல்லாரும் விளக்கும் உப்பும் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் மேஜைக்கு ரப்பர் பால் வெட்டுகிற கத்தி வந்திருக்கிறது, துபாயிலிருந்து அனுப்பிய பணத்தின் ரசீது வந்திருக்கிறது, ஒரு பையன் செருப்பில் ஒட்டிய பப்பிள்கம்மோடு வந்து இதுதான் என் பொருள் என்றான். அதிலும் அரைமணி நேரம் பேசினோம்.

முதல் இருபது நிமிடம் வேதத்தைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். டீச்சராக இருந்து பழகிப்போனவர்களுக்கு வாய் அரிக்கும். பொருள் எப்படி வேலை செய்கிறது, யார் செய்தது, எப்போது கெட்டுப்போகும், விலை என்ன, அதால் யாருக்கு வலித்தது என்று மட்டும் கேளுங்கள். ஃபால்ஸ் கதையை நான் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்போ தப்பு புதுத் துணி மேலயும் இல்ல, பழசு மேலயும் இல்ல, நனைக்காததுதான் இல்லா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு வேதத்தைத் திறந்தோம். லூக்கா 5ஆம் அதிகாரத்தில் இதே பேச்சு கொஞ்சம் மாறி வருகிறது. அங்கே புது உடையிலிருந்தே துண்டை எடுத்துப் பழசுக்கு ஒட்டுப் போடுகிறான். ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன், அது இன்னும் பெரிய நஷ்டம், இரண்டு உடுப்பும் போச்சு.

"கோடி" என்ற சொல்லுக்கே அன்றைக்குத் தனியாகப் பத்து நிமிடம் ஆனது. எல்லைக்கு அந்தப் பக்கம் அது ஓணக்கோடி, சந்தோஷம். எங்கள் பக்கம் கோடி போடுவது என்றால் சாவு வீட்டுக்கு. ஒரே சொல், நடுவில் ஒரு செக்போஸ்ட்.

கடுகில் நான் தோற்ற கதை

ஒருமுறை நானே கடுகைக் கொண்டுபோனேன். பரலோகராஜ்யம் கடுகுவிதைக்கு ஒப்பு என்று இயேசு சொன்ன உவமைக்காக. சின்ன விதை, பெரிய மரம், பறவைகள். ஒரு ஏழாம் வகுப்புப் பையன், "டீச்சரே, கடுகு செடியில்லா? அது எப்படி மரமாவும்?" என்றான். நான் இஸ்ரவேல் நாட்டுக் கடுகு வேறு என்று சமாளித்தேன். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற கடுகு உண்டு, உண்மைதான். ஆனால் அதுவும் செடிதான். அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. எசேக்கியேல் தீர்க்கதரிசி 17ஆம் அதிகாரத்தில் ராஜ்யத்துக்கு உயர்ந்த மலைமேல் நிற்கிற கேதுரு மரத்தைச் சொல்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த ஜனங்களிடம் போய் இயேசு தோட்டத்துக் கடுகைச் சொன்னால் சிரிப்பு வந்திருக்குமா, கோபம் வந்திருக்குமா? பையனிடம் நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். சமாளித்துவிட்டேன். அதற்குப் பிறகு சமாளிப்பதை விட்டுவிட்டேன்.

கள்ளு ஆப்பம்

எந்தப் பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: கொஞ்சம் குத்துகிற பொருளாக எடுங்கள்.

என் அம்மச்சி வீடு பாறசாலைக்கு உள்ளே. கிறிஸ்மஸ் காலையில் அங்கே ஆப்பம். அரிசி ஊறவைத்து, தேங்காயும் கொஞ்சம் சோறும் சேர்த்து அரைத்து, ராத்திரி ஒரு சிரட்டைக் கள்ளு ஊற்றி மூடி வைப்பாள். என் அப்பா சபையில் கமிட்டி மெம்பர், மதுவிலக்குக் கூட்டங்களில் பேசுகிற ஆள். எங்கள் பக்கம் கள் இறக்கவே தடை. அந்தப் பக்கம் போர்டு வைத்த கள்ளு ஷாப்பு. அப்பா அந்த ஆப்பத்தைப் பத்து, பன்னிரண்டு தின்பார். எப்படிப் புளித்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அம்மச்சியும் சொல்லவில்லை.

மத்தேயு 13:33இல் ஒரு ஸ்திரீ புளித்த மாவை எடுத்து மூன்றுபடி மாவிலே அடக்கிவைக்கிறாள். பரலோகராஜ்யம் அதற்கு ஒப்பு. இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும், நானும்தான், கொஞ்சம் மாவு நிறைய மாவைப் பொங்கவைக்கும் என்று அழகாக முடித்துவிடுவோம். ஆனால் அந்த ஜனங்களுக்குப் புளித்தமா என்றால் என்ன? பஸ்கா வந்தால் ஏழு நாள் வீட்டில் ஒரு துளி இருக்கக் கூடாது. அதே மத்தேயுவில் 16ஆம் அதிகாரத்தில் பரிசேயருடைய புளித்தமாவைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசுவே சொல்கிறார். அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துப் பரலோகத்துக்கு உவமை சொன்னால் கேட்டவர்கள் நெளிந்திருப்பார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நெளிவு ஈஸ்ட் பாக்கெட்டில் வராது, கள்ளில் வரும். மேஜைமேல் நான் ஒரு பாட்டில் கள்ளு வைத்தேன் என்று யாரோ எங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) போய்ச் சொன்னார்கள். நான் வைத்தது ஒரு தட்டு ஆப்பம். பாட்டில் அந்தப் பக்கமே இருந்தது. ஐயர் வந்து இரண்டு ஆப்பம் தின்றுவிட்டு, "அடக்கிவைத்தாள் என்றால் மூலத்தில் ஒளித்துவைத்தாள் என்றுதான் அர்த்தம்" என்றார். அம்மச்சி சொல்லாமல் இருந்ததும் அதுதானே. மூன்றுபடி மாவு நூறு பேர் சாப்பிடுகிற அளவு என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு இது அதிகம். யாருக்காக அவ்வளவு என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

மூன்று வேதாகமம் வையுங்கள்

எல்லையில் இருப்பதில் எங்களுக்குக் கிடைத்த வசதி இது. தமிழ் வேதாகமம், கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம், மலையாளம் வாசிக்கிற பிள்ளைகள் கையில் சத்யவேதபுஸ்தகம். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரே வசனத்தை வாசியுங்கள். 23ஆம் சங்கீதம் தமிழில் "நான் தாழ்ச்சியடையேன்". மலையாளத்தில் "எனிக்கு முட்டுண்டாகயில்ல". முட்டு என்றால் அங்கே குறைவு, இல்லாமை. எங்கள் பேச்சில் முட்டு என்றால் முழங்கால். ஒரு பையன், "டீச்சர், இது எனக்க பாட்டிக்க வசனம், டெய்லி தைலம் தேய்க்கா" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபிறகு ஒருத்தி, பாட்டிக்கு ரப்பர் மேட்டில் ஏறி இறங்கித்தான் முட்டு போனது, வீட்டில் முட்டு வராமல் இருக்கத்தான் அவள் ஏறினாள் என்றாள். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

போர்டு வாசிக்க ஒரு நடை

ஒரு சனிக்கிழமை கூட்டத்தை மூடிவிட்டு ரோட்டில் இறங்குங்கள். எங்கள் ஊரில் அரை கிலோமீட்டர் நடந்தால் எபெனேசர் ஸ்டோர்ஸ், பெத்தேல் பேக்கரி, ஆட்டோவில் யேகோவாயீரே, சாலேம் ஒர்க் ஷாப்பு எல்லாம் வந்துவிடும். ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்து, அது வேதத்தில் எங்கே வருகிறது, அங்கே என்ன நடந்தது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். கடைக்காரரிடமும் ஏன் வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் நல்ல கதை கிடைக்கும், சிலசமயம் டீயும் கிடைக்கும்.

யேகோவாயீரே, ஆபிரகாம் மகனைப் பலியிடக் கத்தியை எடுத்த மலையின் பெயர். ஆட்டோவில் எழுதியவருக்கு அது தெரிந்திருந்தது. மகனின் ஆபரேஷன் முடிந்தபிறகு எழுதினாராம். பெத்தேல், அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடிய யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த இடம். எங்கள் பக்கம் பெத்தேல் என்று பெயர் வைத்த வீட்டில் அண்ணன் தம்பிக்கு எல்லை வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எபெனேசரில்தான் நாங்கள் அதிகம் நின்றோம். சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவாக ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி எபெனேசர் என்று பெயர் வைக்கிறார். இது 1 சாமுவேல் 7. காலண்டரில் இருப்பது இதுதான். மூன்று அதிகாரம் பின்னால் போங்கள். 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எபெனேசர் பக்கத்தில்தான் பாளயம் இறங்குகிறார்கள், தோற்கிறார்கள், உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுக்கிறார்கள். தோல்விக்குச் சொந்தமான பெயரையே உதவிக்கு வைத்திருக்கிறார். கடைக்காரரிடம் பிள்ளைகள் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இதே இடத்தில் முன்னால் வைத்த கடை நொடித்துப்போனதைச் சொன்னார்.

நடை முடிகிற இடம் மாநில எல்லை. அதுவும் இரண்டு இடத்துக்கு நடுவில் நிற்கிறதுதான். 1956 நவம்பர் 1இல் எங்கள் விளவங்கோடு தாலுகாவும் சேர்ந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 1959இல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயமும் பிரிந்து, அம்மச்சியின் சபை தென் கேரளத்திலும் எங்கள் சபை கன்னியாகுமரியிலும் ஆனது. ஞானஸ்நானம் ஒன்று, ரிஜிஸ்டர் இரண்டு.

சினிமா

சினிமாவில் சிலுவை எங்கே வருகிறது என்று தேடாதீர்கள். தமிழ்ப் படத்தில் கிறிஸ்தவன் என்றால் ஒன்று குடித்துக்கொண்டு கிடார் வாசிப்பான், இல்லாவிட்டால் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிடுவான். கவுன் போட்ட பெண் கட்டாயம் உண்டு. மலையாளப் படத்தில் அச்சனுக்கும் (பாதிரியார்) கப்பியாருக்கும் (கோயில் பணியாள்) கொஞ்சம் கூடுதல் வேலை. இதைக் கணக்கெடுத்துப் பார்ப்பது ஒரு தடவை தமாஷாக இருக்கும், அவ்வளவுதான்.

அதைவிட, படத்தில் யாருக்கு மன்னிப்புக் கிடைக்கிறது, அதற்கு விலை கொடுத்தது யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊரைவிட்டுப் போனவன் திரும்பி வருகிற படங்கள் இரண்டு மொழியிலும் ஏராளம். ஆளுக்கு ஒரு படத்தை எடுத்து, அந்த வீட்டிலேயே கிடந்தவனுக்கு எத்தனை காட்சி என்று எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, சிலதில் அவன்தான் வில்லன். பிறகு லூக்கா 15, வீட்டைவிட்டுப் போய்ச் சொத்தை அழித்துத் திரும்பின இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிற கதை. எங்கள் ஊரில் இந்தக் கதை தலைகீழ். போனவன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறான், வந்தால் அவனுக்குக் கோழி அடிக்கிறார்கள். இருந்தவன் விடியற்காலம் மூன்று மணிக்குத் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டுகிறான்.

அப்படி இருக்கிற ஒரு பையன் எங்கள் கூட்டத்தில் உண்டு. தகப்பன் வெளியே வந்து மூத்த மகனை வருந்தி அழைக்கிற இடம் வந்ததும், "நான்னா உள்ள போகமாட்டேன் டீச்சரே" என்றான். யாரும் பேசவில்லை. நல்லவேளையாக நானும் பேசவில்லை. அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்காவும் எழுதவில்லை. அப்படியே விட்டுவிட்டு டீ போட்டோம். உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது ஜெபத்தை ஆரம்பித்து அதை மூடிவிடாதீர்கள்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பரில் கேரல் போகிற பையன்கள் சினிமா மெட்டுக்கு இயேசு பாட்டு எழுதுவார்கள், பெரியவர்கள் திட்டுவார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 200 வருடத்துக்கு முன்பே, ஜனங்கள் ரசித்த குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர்தான். ஆனால் குறத்தி அங்கே வந்து குறி சொல்கிறாள், அந்த வடிவத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. மெட்டுக்கு வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். குத்துப்பாட்டில் ஏரோது துள்ளினால் சரி, மரியாள் துள்ளினால் யோசிக்கலாம்.

ஜாக்கெட்

என் தொழிலுக்கு நெருங்கின பொருள் என்பதால் இதைக் கடைசியாக எடுத்தேன். எடுக்கப் பயமாகவும் இருந்தது.

மேஜைமேல் ஒரு ஜாக்கெட்டை வைத்து, இது எப்போது வந்தது என்று கேட்டேன். பெண்பிள்ளைகளுக்கே தெரியவில்லை. திருவிதாங்கூரில் நாடார் முதலான, தாழ்த்தி வைத்த ஜாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்ததும், கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போட்டுக்கொள்ள 1814இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோ காலத்தில் உத்தரவு வந்ததும், அதற்குப் பிறகும் சந்தையில் துணியைக் கிழித்ததும், பள்ளிக்கூடங்களையும் சபைக் கோயில்களையும் கொளுத்தியதும், 1859 ஜூலை 26இல் ராஜாவின் அறிக்கை வந்ததும், அதிலும் உயர்ந்த ஜாதிக்காரர் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்று எழுதியிருந்ததும் சொன்னேன். நம் மிஷனரிமார்தான் எல்லாம் செய்தார்கள் என்று பெருமையாக முடித்துவிடாதீர்கள். அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அதே ஜனங்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அவர் வழியில் வந்த குடும்பத்துப் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். துணி கிழிபட்ட பெண்கள்தான் முதல் சாட்சி.

அதற்குப் பிறகு ஆதியாகமம் 3:21. தோட்டத்திலிருந்து அனுப்புவதற்கு முன்னால் தேவன் அந்த இரண்டு பேருக்கும் தோல் உடைகளை உண்டாக்கி உடுத்துகிறார். தண்டனைக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவில் ஒரு தையல் வேலை. அளவு எடுத்திருப்பாரா என்று ஒருத்தி கேட்டாள். வருடம் முழுக்க அளவு எடுக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

வெளியே போக வசதியிருந்தால் ஒரு ஞாயிறு மத்தியானம் தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். அங்கே டிலனாயின் கல்லறை. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவர். பின்னால் கிறிஸ்தவரான நட்டாலத்துத் தேவசகாயம், குடும்பத்தில் அடிமேல் அடி விழுந்து சோர்ந்திருந்தபோது, யோபுவின் கதையை அவருக்குச் சொன்னது இவர்தான் என்பார்கள். கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து யோபு முதல் இரண்டு அதிகாரம் வாசியுங்கள். தோற்றவன் வாயிலிருந்து அந்தக் கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று பேசுங்கள். தேவசகாயம் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15இல் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு முன்பே பெயரின் பின்னால் இருந்த ஜாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ., புனிதர் வணக்கம் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்தப் பட்டத்தை எடுத்ததைப் பற்றித் திரும்பி வருகிற பஸ்ஸில் நல்ல சண்டை நடந்தது. அந்தச் சண்டை வேண்டும்.

ஆள் வராத வாரமும் வரும். ஆனியில் மழை பிடித்த ஒரு சனிக்கிழமை ஒரே ஒருத்திதான் வந்தாள். கொண்டுவந்த பொருள், அவளே தைத்துக் கை மாட்டின ஒரு ஜாக்கெட். இடது கையை வலதில் வைத்துத் தைத்திருந்தாள். திங்கட்கிழமை அக்கா கல்யாணத்துக்குப் போட வேண்டுமாம். ஆளுக்கு ஒரு கையை எடுத்து வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தோம். வேதத்தைத் திறக்க நேரமில்லை. ஏழரைக்குப் பாறசாலை பஸ் வந்துவிட்டது.